லோடு ஏற்றி ஓட்டிப் பார்த்த டிவி

லாரி ஸ்டியரிங்குக்கு கிரீஸ் வைக்கும் மனிதர்களை எல்லாரும் பார்த்திருப்பார்கள். கணினி விளையாட்டு ஸ்டியரிங்குக்கு கிரீஸ் வைத்த மனிதரோடு நான் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கிறேன்.

அன்று பள்ளிக்கூடத்தில் சத்துணவு வேலை முடிந்து, முட்டைக் கணக்கை ஒப்படைத்துவிட்டு, வெயிலில் வெந்து வீட்டுக்கு வந்தேன். ஹாலில் தினசரித் தாளை விரித்து, அதன்மேல் ஸ்டியரிங்கைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார் என் வீட்டுக்காரர். திருகாணிகள் என் கேழ்வரகு டப்பாவின் மூடியில் கிடந்தன. வீடு முழுக்க ஒர்க்‌ஷாப் வாசனை.

"என்னாங்க இது கோலம்?"

"ஸ்டியரிங்ல ப்ளே இருக்குது புள்ள. நான் ஒடிக்கறன், வண்டி கொஞ்சம் யோசிச்சுட்டுத்தான் திரும்புது. இப்ப டைட் பண்ணி கிரீஸ் வெச்சிருக்கன். வெண்ணெ மாதிரி போவும் பாரு."

பழைய லாரிகளில் ஸ்டியரிங் தொளதொளத்துப் போய்விடும். திருப்பினால் கொஞ்ச நேரம் சும்மா சுற்றிவிட்டு அப்புறம்தான் சக்கரம் கேட்கும். அதைத்தான் டிரைவர்கள் ப்ளே என்பார்கள். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் லாரி ஓட்டியவருக்கு, திருப்பியதும் வண்டி திரும்பவில்லை என்றால் வேறெதுவும் தோன்றாது. மகள் ஆசையாக வாங்கி அனுப்பிய பிளாஸ்டிக் ஸ்டியரிங் அது. அதற்குள்ளே கிரீஸ் டப்பாவில் பாதியை அப்பியிருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மூடியைத் தூக்கி எறிந்திருப்பேன். திருகாணிகளை நான்தான் பொறுக்க வேண்டும் என்பதால் விட்டுவிட்டேன்.

மறுபடி மாட்டினார். ஒரு திருகாணி மிச்சம் நின்றது. அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, நான் பார்க்கவில்லை என்று நினைத்து, விளையாட்டைப் போட்டார். திரையில் லாரி கிளம்பியது. முதல் வளைவில் ஒடித்தார். வண்டி யோசித்தது. யோசித்து முடிப்பதற்குள் புளியமரத்தில் போய் முட்டி நின்றது. அவர் எழுந்து வாசலுக்குப் போனார். போகும்போது இடது தோள் கதவு நிலையில் இடித்தது.

"இந்த நிலையக் கொஞ்சம் தள்ளி வெச்சிருக்கணும். கொத்தனாரு தப்புப் பண்ணிட்டான்" என்றார்.

நாங்கள் வீடு கட்டிய நாளிலிருந்து அந்த நிலை அங்கேதான் இருக்கிறது.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் லோடு மேல் தார்ப்பாய் கயிறு இறுக்கும்போது கொக்கி தெறித்து அவருடைய இடது கண்ணில் அடித்துவிட்டது. மதுரை வரைக்கும் போய்ப் பார்த்தோம். கண் நிற்கிறது, பார்வை நிற்கவில்லை. ஒற்றைக் கண்ணோடு கனரக வண்டி ஓட்ட லைசென்ஸ் கொடுக்க மாட்டார்கள். நியாயம்தான். ஆனால் அந்த நியாயத்தை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு வாழ்வது வேறு. காலையில் எழுந்ததும் தார் ரோட்டோரம் போய் நின்று, போகிற வண்டிகளின் சத்தத்தை வைத்தே கியர் சொல்லுவார். "மூணுல போறான், ரெண்டுக்கு இறக்கியிருக்கணும்" என்பார். கேட்க ஆள் இல்லாமல் திரும்பி வருவார். முன்பெல்லாம் வாய் ஓயாமல் பேசி என்னைச் சிரிக்கவைத்த மனிதர். இப்போது சாப்பாடு போட்டால் சாப்பிடுவார், போடாவிட்டால் கேட்க மாட்டார்.

கண்ணைப் பற்றி யாராவது விசாரித்தால் மட்டும் சட்டென்று, "இன்னொன்னு இருக்குதில்ல?" என்று முடித்துவிடுவார். இடது பக்கம் தெரியவில்லை என்று ஒரு நாளும் அவர் வாயால் சொன்னதில்லை. டீ டம்ளரை இடது பக்கம் வைத்தால் கை பட்டுக் கவிழும். "டம்ளரை எதுக்கு இப்படி ஓரத்துல வெக்கற?" என்பார். நானும் வாய்ச்சண்டைக்கு அஞ்சாதவள்தான். ஆனாலும் அதற்கு மட்டும் பதில் பேசாமல் டம்ளரை வலது பக்கம் நகர்த்த ஆரம்பித்தேன்.

எங்கள் ஒரே மகள் ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறாள். அவள் டிப்ளமோ படித்தபோது வாங்கிய கணினி வீட்டில் சும்மா கிடந்தது. போன பொங்கலுக்கு வந்தபோது அதில் ஏதோ ஒரு கார்டு வாங்கிப் போட்டு, ஹால் டிவியோடு இணைத்து, லாரி ஓட்டும் விளையாட்டு ஒன்றை ஏற்றினாள். வெள்ளைக்காரன் ரோடுதான் முதலில் இருந்தது. "எதிர்ல வர்றவன் எல்லாம் ராங் சைடுல வர்றான்" என்று இவர் சண்டைக்குப் போனார். அப்புறம் யாரோ ஒரு புண்ணியவான் நம்மூர் லாரியையும் நம்மூர் ரோட்டையும் அப்படியே செய்து போட்டிருப்பதை அவள் தேடிக் கண்டுபிடித்தாள். வலது பக்க ஸ்டியரிங், இடது பக்கம் கிளீனர் சீட், வேகத்தடை, குறுக்கே போகும் மாடு எல்லாம் இருந்தன. தொப்பூர்க் கணவாய் மாதிரியே ஓர் இறக்கமும் இருந்தது. அதைப் பார்த்ததும் மனிதர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

அன்றைக்கு அவர் சொன்ன ஒரு பேச்சு எனக்கு மறக்காது. ஒற்றைக் கண்ணால் தூரம் பிடிபடாது. தண்ணீர் ஊற்றினால் டம்ளருக்கு வெளியே ஊற்றுவார். ஆனால் இந்த விளையாட்டில் மகளும் அவரும் மாறி மாறி லாரியை ரிவர்ஸில் விட்டபோது, அவள் மூன்று தடவை சுவரில் இடித்தாள், அவர் ஒரே தடவையில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"ஏன் தெரியுமா புள்ள? டிவியில பாக்கறப்ப எல்லாருக்குமே ஒத்தக் கண்ணுதான். அவளுக்கும் தூரம் தெரியாது, எனக்கும் தெரியாது. சரிக்குச் சரி" என்றார்.

சொல்லிவிட்டுச் சிரித்தார். எத்தனை மாதம் கழித்து வந்த சிரிப்பு! மாதாவே, இந்தச் சிரிப்பு நிற்கட்டும், எத்தனை லாரி வேண்டுமானாலும் இடிக்கட்டும் என்று அப்போதே வேண்டிக்கொண்டேன்.

அதனால்தான் ஸ்டியரிங் வந்து வேகமாக ஓட்ட ஆரம்பித்த பிறகு லாரி யோசித்துத் திரும்புவது தெரிந்து, அவர் மறுபடி ரோட்டோரம் போய் நின்றதும் எனக்குத் திக்கென்றது. மகளுக்குப் போன் போட்டேன். கிரீஸ் கதையைக் கேட்டு அவள் ஐந்து நிமிஷம் சிரித்தாள். அப்புறம் சொன்னாள்.

"ம்மா, ஸ்டியரிங் மேல தப்பே இல்ல. அந்தப் பழைய டிவி மேலதான் தப்பு. கணினி அனுப்பற படத்த டிவி வாங்கி, மெருகு பண்ணி, கலரு போட்டு, அப்புறம்தான் காட்டுது. அந்த நேரத்துலதான் அப்பா மரத்துல முட்டறாரு. சினிமா பாக்கறதுக்கு அது பரவாயில்ல. ஓட்டறதுக்கு ஆவாது. கேம் மோட்னு ஒண்ணு இருக்கற டிவியா பாத்து வாங்கணும்."

"சின்னதா கணினிக்குன்னே வர்ற மானிட்டரு வாங்கிக்கலாமா?" என்று கேட்டேன்.

இவர் பின்னாலிருந்து கத்தினார். "அது பாத்ரூம் ஜன்னல் மாதிரி இருக்கும். எனக்கு லாரி கண்ணாடி வேணும்!"

எனக்கும் டிவிதான் வேண்டும். பழைய டிவியில் பேசுகிறவர்கள் கிணற்றுக்குள்ளிருந்து பேசினார்கள். சாயங்காலம் நான் தொடர் பார்க்க, மற்ற நேரம் அவர் லாரி ஓட்ட, இரண்டுக்கும் ஒன்றே போதும். சீட்டு எடுத்த பணம் இருபத்தைந்தாயிரம் கையில் இருந்தது. அதற்கு மேல் போகக்கூடாது என்று பேச்சு. பேச்சை மீறப் பார்க்கப் போகிறவள் நான்தான் என்று எனக்கு அப்போது தெரியாது.

ஊருக்குள் விஷயம் பரவியது. எங்கள் இண்டூரில் ஒரு வீட்டில் டிவி வாங்கப் போகிறார்கள் என்றால் எல்லார் வீட்டுக்கும் அதில் கருத்து உண்டு. பாலுக்கு வருகிறவர் பேனலைப் பார்க்கச் சொன்னார். எதிர்வீட்டு அக்கா, பெருசா வாங்கு, அப்போதுதான் வருகிறவர்கள் கண்ணுக்குத் தெரியும் என்றார். கண் என்ற வார்த்தையை எங்கள் வீட்டில் சொல்லிவிட்டோமே என்று பாவம் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் அந்தப் 'பெருசு' என் மண்டைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. ஒரு கண்ணால் பார்க்கிற மனிதருக்குப் படம் பெரிதாக இருந்தால்தானே நன்றாகத் தெரியும்? எனக்கு இது அவ்வளவு நியாயமாகப் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தர்மபுரிக்குக் கிளம்பினோம். அவர் கணினியின் பெட்டியைச் சாக்குப்பைக்குள் போட்டுத் தூக்கிக்கொண்டார். ஸ்டியரிங்கைக் கையில் எடுத்தார். மிதிக்கிற பெடல்களை என் கட்டைப்பைக்குள் வைத்தார்.

"இதெல்லாம் என்னாத்துக்குங்க? டிவி வாங்கத்தான போறோம்?"

"லோடு ஏத்தி ஓட்டிப் பாக்காம எவனாவது வண்டி வாங்குவானா?"

"வண்டி இல்லீங்க, டிவி!"

"எனக்கு அதான் வண்டி."

பஸ்ஸில் டிரைவருக்குப் பின் சீட்டு கிடைத்தது. சாக்குப்பையைக் காலுக்கு நடுவில் வைத்து, ஸ்டியரிங்கை மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார் மனிதர். கண்டக்டர் டிக்கெட் கிழிக்க மறந்து பார்த்தார். வளைவு வரும்போதெல்லாம் இவர் கை தன்னால் மடியில் இருந்ததைத் திருப்பியது. பஸ் டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

"அண்ணா, ஒரு வண்டிக்கு ரெண்டு ஸ்டியரிங் ஆவாதுங்க. நான் ஓட்டட்டுமா, நீங்க ஓட்டறீங்களா?"

பஸ்ஸே சிரித்தது. நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். இவர் மட்டும் பெருமையாக, "நீயே ஓட்டு தம்பி. பிரேக் கொஞ்சம் அடிச்சு அடிச்சு விடு, ட்ரம் சூடாவுது" என்றார்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடைக்குப் போனோம். உள்ளே ஒரு சுவர் முழுக்க டிவிகள். எல்லாவற்றிலும் ஒரே கிளி, ஒரே பூ, ஒரே கடல். கழுத்தில் டை கட்டிய விற்பனைத் தம்பி ஓடி வந்தார். குரல் கேட்டு வேலை செய்யும் ரிமோட், சினிமா கொட்டகைச் சத்தம், கோடிக்கணக்கில் கலர் என்று அடுக்கினார். இவர் அத்தனையும் கேட்டு முடித்துவிட்டு, "கிளிய நிறுத்திட்டு ரோட்டக் காட்டு தம்பி" என்றார்.

தம்பிக்குப் புரியவில்லை. இவர் சாக்குப்பையிலிருந்து கணினியை எடுத்ததும் இன்னும் புரியவில்லை. ஆனால் நல்ல பிள்ளை. கடை முதலாளியிடம் கேட்டு, ஒரு மேசையும் சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலியும் கொண்டுவந்து போட்டார். எங்கள் வீட்டு மேசையில் உட்காருவது போலவே கை நீட்டினால் திரை தொடும் தூரத்தில் நாற்காலியை இழுத்துக்கொண்டார் இவர். ஸ்டியரிங்கை மேசையில் மாட்டினார். லாரியில் முழு லோடு சிமெண்ட் ஏற்றினார். கணவாய் இறக்கத்தின் தலைப்பில் கொண்டுபோய் நிறுத்தினார். மிக்ஸி வாங்க வந்தவர்கள், பிரிட்ஜ் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் பின்னால் வந்து நின்றார்கள்.

முதலில் நாற்பத்து மூன்று இஞ்ச் டிவி. எங்கள் பணத்துக்குள் வருவது. கிளப்பினார், ஒடித்தார். லாரி யோசித்தது.

"இதுலயும் ப்ளே இருக்குது" என்றார்.

"சார், டிவியில எப்பிடி சார் ஸ்டியரிங் ப்ளே இருக்கும்?" தம்பி அழாத குறை.

எனக்கு மகள் சொன்னது ஞாபகம் வந்தது. "தம்பி, கேம் மோட்னு ஒண்ணு இருக்குதாமே, அதப் போடுப்பா" என்றேன். கூட்டமே என்னைத் திரும்பிப் பார்த்தது. கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது. தம்பி ரிமோட்டை வைத்து எங்கெங்கோ போய்த் தேடி ஓரிடத்தில் அமுக்கினார். படத்தின் மினுமினுப்பு கொஞ்சம் குறைந்தது. இவர் மறுபடி ஒடித்தார். லாரி அந்த நொடியே திரும்பியது.

அவர் முகத்தை நான் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒடித்து ஒடித்துப் பார்த்தார். "ஆங்! இப்ப கையில வருது. இப்ப கையில வருது புள்ள" என்றார். மிக்ஸி வாங்க வந்த பெண்மணி கை தட்டினார்.

அங்கேயே வாங்கிக்கொண்டு கிளம்பியிருக்கலாம். என் மண்டைக்குள் உட்கார்ந்திருந்த 'பெருசு' விடவில்லை. பக்கத்தில் ஐம்பத்தைந்து இஞ்ச் ஒன்று சுவரை அடைத்துக்கொண்டு நின்றது. ஆஃபர் போட்டிருந்தார்கள். மாதத் தவணையும் உண்டாம்.

"அதையும் ஓட்டிப் பாருங்க" என்றேன்.

"இருபத்தஞ்சத் தாண்டும் புள்ள."

"தாண்டட்டும். நான் கட்டறன். உங்களுக்குத்தான் நல்லா தெரியணும்."

மாற்றிக் கொடுத்தார்கள். கேம் மோடையும் மறக்காமல் போட்டாயிற்று. திரையில் லாரிக் கண்ணாடி நிஜ லாரியைப் போல விரிந்தது. கூட்டம் 'அடேங்கப்பா' என்றது. இவர் கிளப்பினார். நூறடி போகவில்லை, இடது பக்கத்து மைல்கல்லை இடித்தார். பின்னால் எடுத்து மறுபடி கிளப்பினார். இடது பக்கம் நின்ற ஆட்டோவை உரசினார். மூன்றாவது முறை பாலத்துக் கைப்பிடிச் சுவர், அதுவும் இடது பக்கம்தான்.

"இந்த டிவியில ரோடு குறுகலா இருக்குது" என்றார்.

பின்னால் நின்ற ஒருவர் சிரித்தார். "அண்ணனுக்கு லாரி ஓட்டிப் பழக்கமில்ல போல. லெப்ட்லயே தடவிகிட்டுப் போறாரு."

எனக்கு வந்ததே கோபம்! "நீங்க வந்து ஓட்டுங்க பாக்கலாம். டாடா வண்டிக்கும் மாட்டு வண்டிக்கும் வித்தியாசம் தெரியுமா உங்களுக்கு?" என்று திரும்பிக் கத்தினேன். அவர் பிரிட்ஜ் பக்கமே போய்விட்டார். ஆனால் கத்தி முடித்ததும் இவரைப் பார்த்தேன். கழுத்தை இடது பக்கம் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். அந்தப் பக்கம் திருப்பினால் எதிரே ரோடு கைவிட்டுப் போகிறது. முகத்தில் வேர்வை. வாசலுக்கு எழுந்து போகும் முன் வருமே, அந்த முகம். எனக்குக் கதவு நிலை ஞாபகம் வந்தது. டீ டம்ளர் ஞாபகம் வந்தது.

"கொஞ்சம் எழுந்திருங்க. எனக்குத் தொடரு எப்பிடித் தெரியும்னு பாக்கறன்" என்று அவரை எழுப்பிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். கண்ணில் தூசி விழுந்தவள் போல முந்தானையால் இடது கண்ணை மூடிக்கொண்டேன். ரோட்டை நேராகப் பார்த்தேன்.

இடது பக்கம் என் மூக்கு வந்து நின்றது. அதற்கு அப்பால் லாரியின் இடது கண்ணாடி இருக்கும் இடத்தில் ஏதோ கலங்கலாக இருந்தது, என்னவென்று தெரியவில்லை. கழுத்தைத் திருப்பினால்தான் தெரிந்தது. இந்த மனிதர் மூன்று வருஷமாக இப்படித்தான் நடக்கிறார், சாப்பிடுகிறார், என் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறார். நான் எப்போதும் அவருக்கு இடது பக்கம்தான் உட்காருவேன். பெரிது பெரிது என்று அலைந்தேனே, பெரிதாகப் பெரிதாக அவருக்குத் தெரியாத இடமும் அல்லவா பெரிதாகிறது!

கடை நடுவில் அழக்கூடாது. எழுந்தேன்.

"எனக்கு இந்தப் பெருசு வேணாங்க. அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் பாத்தா கழுத்து வலிக்குது. சின்னதையே எடுத்துக்கலாம்" என்றேன்.

"அக்கா, எல்லாரும் இதத்தான் கேக்கறாங்க..." என்று தம்பி இழுத்தார்.

"எல்லாருக்கும் கழுத்து ஸ்ட்ராங்கா இருக்கும் தம்பி. எனக்கு இல்ல. பில்லப் போடு."

இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நாற்பத்து மூன்று இஞ்சுக்குப் பில் போட்டோம். பேச்சுப்படி பணத்துக்குள் அடங்கி, பிரியாணி சாப்பிடவும் கொஞ்சம் மிஞ்சியது.

டிவியைக் கடையின் மினி லாரியில் ஏற்றினார்கள். இவர் பின்னால் ஏறி நின்றுகொண்டு, பெட்டியை எப்படி நிறுத்த வேண்டும், கயிற்றை எங்கே போட வேண்டும் என்று அந்த டிரைவருக்குப் பாடம் எடுத்தார். அந்த டிரைவர் கொக்கியைத் தொடப் போனதும், "நீ தள்ளி நின்னு போடு தம்பி, மூஞ்சிய நீட்டாத" என்றார். அதை மட்டும் மெதுவாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து மாட்டி முடித்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. அவர் ஓட்டிய ஒவ்வொரு வண்டியும் புதிதாகக் கிளம்பும்போது முதலாளி வீட்டில் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கித்தான் எடுப்பார்கள். நாங்கள் கோயிலுக்குப் போகிறவர்கள் இல்லை, மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். ஆனாலும் லாரிக்கு என்று வந்துவிட்டால் எலுமிச்சம்பழம் இல்லாமல் அவர் வண்டியை நகர்த்தியதே இல்லை. மாதா படத்தையும் ஒட்டுவார், பழத்தையும் நசுக்குவார். பிரிட்ஜிலிருந்து இரண்டு பழத்தை எடுத்து வந்தேன். கொண்டுவந்த பிறகுதான் டிவிக்குச் சக்கரம் இல்லையே என்று உறைத்தது.

"பெடலுக்கு அடியில வெக்கட்டுமா?"

"சாறு உள்ள போனா உம் மக என்னத் தொலைச்சுடுவா."

கடைசியில் அவரே கண்டுபிடித்தார். அவர் உட்காரும் நாற்காலிக்குச் சக்கரம் இருக்கிறதே! பழத்தை அதற்கு முன்னால் வைத்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து காலால் உந்தினார். பழம் நசுங்கவில்லை. வழுக்கி ஓடியது. நாற்காலி அரை வட்டம் சுற்றி அவரை என் பக்கம் பார்க்க வைத்து நின்றது. இரண்டாவது பழத்துக்கும் அதே கதி. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவர், "வண்டி நல்ல பிக்கப்பு" என்றார். எனக்கு வயிறு வலித்துவிட்டது. கடைசியில் இரண்டு பழத்தையும் பிழிந்து ஜூஸ் போட்டுக் குடித்தோம். அவருக்குச் சர்க்கரை இல்லாமல் போட்டேன்.

அப்புறம் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மாதா படத்தை டிவியின் விளிம்பில் ஒட்டினார். லோடு ஏற்றினார். லாரி ஊரைத் தாண்டி, டோல்கேட்டைத் தாண்டி, ஏற்றத்தில் முக்கி, கணவாயின் தலைப்புக்கு வந்தது. அங்கே ஓரங்கட்டி நிறுத்தி ஹாண்ட் பிரேக் போட்டார். இறக்கத்துக்கு முன்னால் நிஜ டிரைவர்களும் நிறுத்துவார்கள். இறங்கி டயரைத் தட்டுவார்கள், முகம் கழுவுவார்கள். நானும் அதற்குத்தான் நிறுத்தினார் என்று நினைத்துச் சமையல்கட்டுக்குத் திரும்பினேன்.

"ஏம் புள்ள."

"என்னாங்க?"

"அந்த ஸ்டூல எடுத்துகிட்டு வந்து இந்தப் பக்கம் உக்காரு."

"எந்தப் பக்கம்?"

"லெப்ட்ல. கிளீனரு உக்கார்ற பக்கம்."

எனக்குப் புரியவில்லை. அவர் லாரி ஓட்டிய அத்தனை வருஷத்தில் ஒரு நாளும் நான் அதில் ஏறியதில்லை. லோடு வண்டியில் பெண்கள் ஏறக்கூடாது என்பது முதலாளியின் சட்டம். ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு இடது பக்கம் உட்கார்ந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. ரோட்டையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"இந்த டிவியில பரவால்ல, முக்கால்வாசி தெரியுது. ஆனா அந்த ஓரத்துக் கண்ணாடி எனக்குத் தெரியல புள்ள. கடையிலயும் தெரியல. வூட்லயும் தெரியறதில்ல. நீ கழுத்து வலிக்குதுன்னு சொன்னப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, நீ கண்டுபுடிச்சிட்டன்னு. உனக்கு என்னிக்குக் கழுத்து வலிச்சிருக்குது?"

நான் ஸ்டூலை இன்னும் கொஞ்சம் நெருக்கிப் போட்டுக்கொண்டேன்.

"எனக்கு லெப்ட் தெரியாது. நீ பாத்துச் சொல்லு. நான் ஓட்டறன்."

மூன்று வருஷத்தில் முதல் தடவையாகச் சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு ஹாண்ட் பிரேக்கை எடுத்தார். லாரி இறங்க ஆரம்பித்தது. இரண்டாவது கியர். முதல் வளைவு. கண்ணாடியில் பின்னால் ஒரு பைக் வருவதைப் பார்த்தேன். பார்த்தேனே தவிர, எனக்கு எல்லாம் கலங்கித் தெரிந்தது.

"என்ன கிளீனரு, சத்தத்தையே காணோம்? தூங்கிட்டியா?"

புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். "லெப்ட்ல பைக்கு ஒண்ணு வருது, கொஞ்சம் இருங்க... போயிட்டான். லெப்ட் க்ளியர். வாங்க, வாங்க, அப்பிடியே ஒடிச்சு வாங்க" என்றேன்.

அவர் ஹாரனை அடித்துவிட்டு ஒடித்தார்.